சீடை ஏன் வெடிக்கிறது?

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் காலை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை என் கிளினிக்குக்கு அழைத்து வந்தார்கள். கன்னத்தில் மூன்று, கழுத்தில் இரண்டு, இமைக்குச் சற்று மேலே ஒன்று என்று சின்னச் சின்னச் சூட்டுப் புண்கள். சீடை வெடித்து எண்ணெய் தெறித்திருக்கிறது. இமைக்கு மேலே விழுந்தது கொஞ்சம் இறங்கியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்கும்.

"அடுப்படிப் பக்கமே வரக்கூடாதுன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கோம் டாக்டர்" என்றார் அப்பா. புண்களைத் துடைத்துக்கொண்டே அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், "சீடை ஏன் வெடிச்சுது, தெரியுமா?" தெரியவில்லை. கூட வந்திருந்த பாட்டி, "மாவை நல்லாச் சலிக்கலைன்னா வெடிக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பேத்தியிடம் யாரும் சொன்னதில்லை.

நான் சொன்னேன். சீடைக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி சூட்டில் காயும்போது வெளிப்புறம் முதலில் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கிற தண்ணீர் அப்புறம்தான் ஆவியாகிறது. தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். ஓடு இறுகிவிட்டதால் வெளியே போக வழி இல்லை, வெடிக்கிறது. பூரி உப்புவதும் இதே நீராவியால்தான். பூரியின் தோல் மெத்தென்று இருப்பதால் விரிந்து கொடுக்கிறது.

"அப்படின்னா பூரி வெடிக்காத சீடையா?" என்று கேட்டாள். அழுது வீங்கியிருந்த முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

குழந்தை மருத்துவராக இத்தனை வருடங்களில் அடுப்படிச் சூட்டுக் காயத்தோடு வந்த பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பலரும் அடுப்படியிலிருந்து விரட்டப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். "போ, வராதே, தள்ளி நில்லு" என்பதைத் தவிர வேறு எதுவும் அவர்கள் காதில் விழுந்ததில்லை. ஆனால் பண்டிகை நாளில் வீட்டில் மணப்பதெல்லாம் அடுப்படியில்தான். பிள்ளை எட்டிப் பார்க்கத்தான் செய்யும். யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, தப்பான இடத்தில் வந்து நிற்கும். வேலை கொடுத்து, காரணம் சொல்லி, நிற்கும் இடத்தையும் காட்டிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. என் மாமியார் திருநெல்வேலிக்காரர், பிள்ளைகளுக்கு ஆச்சி. அந்தச் சிறுமியைப் பார்த்த வாரமே, பண்டிகை முடிந்திருந்தாலும் பரவாயில்லை என்று சீடை போட்டோம். அரிசி மாவையும் வறுத்து அரைத்த உளுந்து மாவையும் இரண்டு தடவை சலித்தது மகள். சல்லடையில் தங்கிய குருணையைத் தனியாக ஒரு தட்டில் வைத்து, "இதெல்லாம் வெடிகுண்டு" என்று தம்பிக்குக் காட்டினாள். உருட்டும்போது இறுக்கி உருட்டக்கூடாது, உள்ளே காற்றும் ஈரமும் மாட்டிக்கொள்ளும் என்று ஆச்சி சொல்லிக்கொடுத்தார். உருட்டியதைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து குத்துவது மகன் வேலை.

பிள்ளைகளாகவே ஒரு சோதனையும் செய்தார்கள். உருட்டிய சீடைகளைத் தராசில் நிறுத்து எழுதி வைத்து, அரை மணி நேரம் துணியில் ஆறவிட்டு மறுபடி நிறுத்தார்கள். எடை குறைந்திருந்தது. "குறைஞ்சதெல்லாம் தண்ணி" என்று மகன் கண்டுபிடித்தபோது ஆச்சிக்கு ஆச்சரியம். அறுபது வருடமாக அவர் சீடையைத் துணியில் உலர்த்தி வருகிறார், ஆனால் எதற்கென்று யாரும் கேட்டதில்லையாம்.

பொரித்தது என் கணவர் மட்டும். கையில் ஒரு மூடி, கேடயம் மாதிரி. அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளித் தரையில் கோலப்பொடியால் ஒரு கோடு போட்டிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் எண்ணெய். கோடு எதற்கு என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால் ஒரு தடவை கூட அதட்ட வேண்டியிருக்கவில்லை.

கணக்கும் அடுப்படியில் தானாக வருகிறது. ஆச்சியிடம் பழைய பித்தளை ஆழாக்கு இருக்கிறது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாமே பாதி பாதியாக இறங்குகிறது என்று மகன் தானே கண்டுகொண்டான். ஒரு படியில் எட்டு ஆழாக்கு என்பதை அவனுக்கு மனப்பாடம் செய்ய வைக்கவில்லை, அரிசியை அளந்து கொட்டிப் பார்த்தான். தேன்குழலுக்கு நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு. வீட்டில் உளுந்து மாவு அரை ஆழாக்குதான் இருக்கிறது என்றால் அரிசி மாவு எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் விகிதக் கணக்குக்கு முகம் சுளிக்கிற பிள்ளை இங்கே ஒரு நொடியில் பதில் சொல்கிறது. இதைப் பெண் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். பையனுக்கும் பசிக்கும், பையன் கையும் சுடும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். முந்திரிக் கொத்துக்கு வறுத்து அரைத்த பாசிப்பயற்று மாவில் வெல்லப் பாகை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆச்சி தொட்டுப் பார்த்து, "வெதுவெதுன்னுதான் இருக்கு, உருட்டலாம்" என்பார். அந்த வெதுவெதுப்பு ஆச்சியின் கைக்கு. எத்தனையோ வருடம் தோசைக் கல்லும் இட்லித் தட்டும் தொட்டுக் காய்த்துப்போன கை அது. குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அதே சூடு அங்கே இன்னும் ஆழமாக, இன்னும் சீக்கிரமாக இறங்கும். 60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலை ஆழமாகச் சுட ஐந்து விநாடி போதும், குழந்தைக்கு அதைவிடக் குறைவு. உருட்டுப் பதத்துப் பாகோ சுமார் 115 டிகிரி, கொதிக்கிற தண்ணீரைவிட அதிகம். தண்ணீராவது வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் பாகு பதம் பார்ப்பதைப் பிள்ளைகள் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது உருண்டு, முழுதாக ஆறிய பிறகுதான் அந்த உருண்டை அவர்கள் கைக்குப் போகும். மாவு கலந்த பின்பு நம் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சுட்டால் பிள்ளைக்கும் சுடும்.

நான் சொல்வதெல்லாம் ஐந்து, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. தவழ்கிற, தத்தித் தத்தி நடக்கிற குழந்தைக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாது. பலகாரம் போடுகிற நேரம் முழுக்க அதைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும், வேறு அறையில். மோசமாகச் சுட்டுக்கொண்டு வருகிறவர்களில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அதிகம் பார்க்கிறேன். பண்டிகை என்றால் கொல்லையில், கூடத்தில் என்று தரையிலேயே அடுப்பு வைத்துவிடுகிறோம். பொரித்து முடித்த சட்டியை இறக்கி ஓரமாகத் தரையில் வைக்கிறோம். அடுப்பை அணைத்து வெகு நேரம் ஆன பிறகும் அந்த எண்ணெய் தோலை உரிக்கிற சூட்டில்தான் இருக்கும். ஆவி வராது, கொதிக்காது, பார்த்தால் சாதுவாகத் தெரியும். ரசப் பாத்திரத்தையும் சாதம் வடித்த கஞ்சியையும் பந்தி நடுவில் வைப்பதும் அப்படித்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காபி குடிக்காதீர்கள்.

சரி, சுட்டுவிட்டது. என்ன செய்வது?

குழாயைத் திறந்து சுட்ட இடத்தைத் தண்ணீரில் காட்டுங்கள், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபதாகத் தோன்றும். மேலே நெருப்பு அணைந்தாலும் தோலுக்கு அடியில் சூடு வேலை செய்துகொண்டிருக்கிறது, அதைத்தான் தண்ணீர் வெளியே இழுக்கிறது. உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. நம் ஊரில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் வெந்நீராக வரும், கொஞ்சம் ஓடவிட்டுக் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராத நேரமானால் குடத்திலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றலாம். ஐஸ் வைக்காதீர்கள், வெந்த தோலை அது மேலும் கெடுக்கும். சின்னக் குழந்தையானால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.

துணி, வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள்.

பற்பசை, பேனா மை, மஞ்சள், தேங்காய் எண்ணெய், இட்லி மாவு, முட்டை வெள்ளைக்கரு என எல்லாம் பூசி வந்த புண்களை நான் பார்த்திருக்கிறேன். அன்போடு பூசியதுதான். ஆனால் அவை சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும், கிருமியைச் சேர்க்கும். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அதைச் சுரண்டிக் கழுவ வேண்டியிருக்கும்போது அந்தக் குழந்தை படுகிற வேதனை இருக்கிறதே, அதை இரண்டாவது தடவை பார்க்க எந்தத் தாயும் விரும்ப மாட்டார். துவைத்த மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். புண் பிள்ளையின் உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் இருந்தாலோ உடனே மருத்துவமனை. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மேலே சொன்ன அதே நீராவிதான், எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். கேஸை அணைத்துப் பெரிய தட்டால் மூடிவிடுங்கள். இதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறக்க வேண்டும், 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கட்டும். நாலு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தை கையில் முழு வேர்க்கடலையோ சீடையோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பொடித்துக் கொடுக்கலாம்.

தீபாவளி வருகிறது. அன்று விடியற்காலையில் பலகாரத்தைவிட எனக்குப் பயம் வெந்நீர் அண்டாவைத்தான். தூக்கக் கலக்கத்தில் பின்னால் நகர்கிற குழந்தை, இருட்டில் சுமந்து வருகிற வாளி. முதலில் வாளியில் பச்சைத் தண்ணீரை நிரப்புங்கள், அப்புறம் வெந்நீரை ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் நடுவில் ஒரு நிமிடம் அங்கே கொதிநீர் மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் இந்த வருடம் பச்சைத் தண்ணீரை நிரப்பும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா வெந்நீரைக் கலந்து முடித்ததும் தம்பி வெப்பமானியை வைத்துப் பார்ப்பானாம். 38 டிகிரி காட்டினால்தான் ஆச்சியை எண்ணெய்க் கிண்ணத்தோடு கூப்பிடுவார்களாம்.