அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே வந்த கட்சி

ஓர் அம்மா தம் இரண்டு மகன்களையும் என்னிடம் உளவியல் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். ஐம்பதை நெருங்கும் அந்த அண்ணனும் தம்பியும், தேர்தல் சமயத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்ததில்லை. "யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடட்டும் டாக்டர், என்னைத் தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கணும்" என்றார் அவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கொள்கைச் சண்டையாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, 'நம்மவர்', 'அவர்கள்' என்ற பிரிவினையிலிருந்தே பிறக்கிறது. உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம், திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையை அவர்கள் கணித்த விதத்தை வைத்துக் குழு பிரித்ததாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அது கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். அதற்கே அவர்கள் தம் குழுவினருக்குக் கூடுதலாகக் காசு ஒதுக்கினார்கள். அண்ணனுடைய கட்சியோ அப்பா காலத்திலிருந்து வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குவது. அதைத் தம்பி விமர்சித்தபோது அப்பாவையே அவமதித்ததாக அண்ணன் காதில் விழுந்தது.

இத்தகைய பிளவில் உளவியல் துறையினர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சான்று அமெரிக்காவில் உள்ளது. 2016 அதிபர் தேர்தல் முடிந்த டிசம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் சவுத் லெபனான் என்ற சிற்றூரில், டிரம்ப் ஆதரவாளர்கள் 10 பேரும் ஹிலாரி கிளிண்டன் ஆதரவாளர்கள் 11 பேரும் ஒரு வார இறுதியில் கூடினார்கள். அந்த அமர்வை வடிவமைத்தவர், தம்பதியருக்கு நெடுங்காலம் ஆலோசனை வழங்கிவந்த குடும்பச் சிகிச்சையாளர் பில் டொஹர்ட்டி. எதிரெதிர்க் கட்சியினரைச் சந்தித்துப் பேசவைக்கும் இன்றைய 'பிரேவர் ஏஞ்சல்ஸ்' அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. அவர் முறையில் விவாதத்துக்கு இடமில்லை. ஒரு தரப்பினர் உள்வட்டத்தில் அமர்ந்து, தம் தரப்பின் கொள்கைகள் நாட்டுக்கு ஏன் நல்லவை என்பதையும், தம் தரப்பைப் பற்றித் தமக்கே உள்ள கவலைகள் எவை என்பதையும் சொல்வார்கள். மறுதரப்பினர் வெளிவட்டத்தில் அமர்ந்து, குறுக்கிடாமல் கேட்பார்கள்.

தம் தரப்பைப் பற்றிய கவலையைக் கேட்கும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் மருந்து இருக்கிறது என்று நம்புகிறேன். மூன்றாவது அமர்வில் அதை இந்தச் சகோதரர்களிடம் கேட்டேன். தம் கட்சிக்காரர்கள் வாக்குக்குப் பணம் கொடுத்ததைச் சொன்னபோது தம்பி தலை குனிந்தார். அண்ணன் அதையே பிடித்துக்கொள்வாரோ என்று அஞ்சினேன். "எங்க பக்கமும் குடுத்தாங்கடா" என்றார் அவர். இருவரும் கட்சி மாறவில்லை. மாற்றுவது என் வேலையும் அன்று.

ஆனால் எல்லாப் பிளவுக்கும் இந்த வட்டம் பொருந்தாது. குழுக்களின் சந்திப்பு பகையைத் தணிக்க வேண்டுமானால் சமமான நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகார அமைப்புகளின் ஆதரவு ஆகியவை தேவை என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். சாதியின் பெயரால் அடித்தவரையும் அடிபட்டவரையும் எதிரெதிரே அமர்த்தி 'இரு தரப்பும் பேசுங்கள்' என்பது, அடிபட்டவருக்கு நாங்கள் இழைக்கும் இன்னோர் அநீதி. அங்கே பாதுகாப்பும் சட்டமும் முதலில் வர வேண்டும்.

ஆலோசனை வழங்கும் எங்களுக்கும் வாக்குண்டு, சார்பும் உண்டு. வந்தவரின் அரசியல் பேச்சு என்னைச் சுடும் நாட்களில், மூத்த உளவியலாளர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசித் தெளிந்த பிறகே அடுத்த அமர்வுக்கு உட்காருகிறேன்.