இறக்கத்தில் தொடை செய்யும் வேலை

சிவனொளிபாதமலையில் இரவெல்லாம் ஏறி, சூரிய உதயம் கண்டு, நல்லதண்ணிக்கு இறங்கி வந்தவர்களை மறுநாள் காலை தேயிலைத் தோட்டத்து லயத்து வாசற்படியில் பார்க்க வேண்டும். படியேறுவதற்கு அவர்கள் அவ்வளவாகச் சிரமப்படுவதில்லை; இறங்கும்போதுதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு காலாக வைக்கிறார்கள். 2,243 மீற்றர் உயரத்துக்கு ஏறிய களைப்பு என்று வீட்டார் சொல்வார்கள். ஆனால் அந்த வலியின் பெரும்பகுதி இறங்கியதால் வந்தது.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை, மடங்கும் முழங்கால் ஒரேயடியாக மடங்கிவிடாதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. அதாவது, வண்டிக்குப் பிரேக் செய்யும் வேலையைச் செய்கிறது. இந்த வேலைக்கு ஒட்சிசன் மிகக் குறைவாகவே செலவாகும். 1952இல் இங்கிலாந்தில் அபொட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் மிதியைத் தடுக்கும்படி செய்து இதை அளந்தார்கள். சிறிய உடல்வாகுள்ள பெண்ணொருவர் தடுக்க, வலுவான ஆண் மிதித்துச் சீக்கிரமே களைத்துப்போனார். இறக்கத்தில் மூச்சு வாங்காததன் காரணம் இதுவே. இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு: குறைந்த எண்ணிக்கையிலான தசை இழைகளே முழுச் சுமையையும் தாங்குவதால், அவற்றின் உள்ளே நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன, வலியோ உடனே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடைகிறது.

காலையில் புல்லில் உறைபனி படிந்தாலே நுவரெலியாவில் அது செய்தியாகிவிடுகிறது. பனிச்சறுக்கு நமக்குத் தொலைக்காட்சியில் மட்டுமே பழக்கம். என்றாலும், இந்தப் பிரேக் வேலையை நுணுக்கமாக ஆராய்ந்தவர்களுள் அந்த விளையாட்டின் ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். 1990களில் சுவீடன் ஆய்வாளர்கள் பந்தய வீரர்களின் தொடையில், தசையின் மின்சமிக்ஞையை அளக்கும் மின்வாய்களை ஒட்டி, முழங்கால் மடிப்பையும் சேர்த்துப் பதிந்தபோது, வளைவுகளில் திரும்பும் நேரத்தில் தசை நீண்டுகொண்டே இழுக்கும் வேலையே மேலோங்கியிருந்தது தெரியவந்தது. உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலான விசையை, பெரும்பாலும் வெளிப்பக்கக் கால் ஒன்றே அந்த நிலையில் தாங்குகிறது.

தொடை தளர்ந்தால் அடுத்த பலி முழங்கால். முன்பெல்லாம் பனிச்சறுக்கில் கணைக்கால் எலும்பு முறிவதே அதிகம். விழும்போது சப்பாத்தைச் சறுக்குப் பலகையிலிருந்து தானாக விடுவிக்கும் பூட்டுகள் மேம்பட்டதும் அந்த முறிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் முன் சிலுவைத் தசைநார் அறுவது அதே வேகத்தில் குறையவில்லை. சறுக்குபவர் பின்பக்கம் சரிந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்ட நிலையில், பலகையின் வால்பகுதி நெம்புகோலாகி முழங்காலை முறுக்குகிறது. பூட்டோ இதை ஆபத்தாக உணர்வதில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிலையை அடையாளம் காணவும், விழத் தொடங்கினால் எழ முயலாமல் விழுந்துவிடவும் பயிற்றப்பட்ட சறுக்குத்தளப் பணியாளரிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்திருந்தன. புதிய கருவி எதுவும் இல்லாமல், காணொளியும் பேச்சும் கொண்டே கிடைத்த பலன் என்பதால் எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

தசைக்கும் இப்படிப் பாடம் ஏறும். ஒருமுறை மிதமாக இறங்கிப் பழகிய தொடை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவாகச் சேதமடைவதில்லை. கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து சரிவுகளில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அன்றாடம் இறங்கும் பெண்களுக்கு மலையாத்திரை மறுநாள் தொந்தரவு தராததற்கு இதுவே காரணமாகலாம் (வருடக்கணக்கில் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு கதை). கொழும்பிலிருந்து வருபவர், போவதற்கு ஒரு வாரம் முன்னதாக, வீட்டுப் படியில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்கிப் பழகினால் போதும். ஏறிப் பழகுவது இதற்கு ஈடாகாது.

கம்பும் உதவும். ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் ஆய்வாளர்கள் 25 பாகைச் சரிவில் அளந்தபோது, இரண்டு கைத்தடிகளை ஊன்றி இறங்கியவர்களின் முழங்கால் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் மலைக்குப் போகும்போது வெட்டிக்கொள்ளும் கம்பு ஒன்றுதான்; திரும்பும் வழியில் இன்னொன்றையும் வெட்டிக்கொள்ளலாம்.