செடி விடும் ஆவியை அளக்கும் பாலிமர் உணரிகள்: திரையில் தெரியும் எண்ணை நம்புவதற்கு முன்

இலையைப் பூச்சி கடித்த சில நொடிகளிலேயே, கிழிந்த திசுவிலிருந்து ஹெக்சினால் போன்ற ஆல்டிஹைடுகள் காற்றில் கலக்கத் தொடங்குகின்றன. புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாடைக்கும் இவையே காரணம். அசுவினி தாக்கிய செடிகள் பலவற்றிலிருந்து மெத்தில் சாலிசிலேட்டும், புழு மென்ற செடிகள் பலவற்றிலிருந்து லினலூல், ஓசிமீன் முதலிய டெர்பீன்களும் வெளிப்படுகின்றன. கண்ணுக்கு அறிகுறி தெரியுமுன் இவற்றை மலிவான உணரியால் பிடித்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. ஆனால் திரையில் எண் ஏறியதும் அதை நோய் என்று முடிவுகட்டிவிடுவதை, இவ்வுணரிகளைச் சோதிக்கும் பணியில் நான் அடிக்கடி காண்கிறேன்.

உலோக ஆக்சைடு உணரிகள் பொதுவாக 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டு இயங்குபவை. பாலிஅனிலின், பாலிபிர்ரோல் போன்ற மின்கடத்தும் பாலிமர்களோ அறை வெப்பநிலையிலேயே வேலை செய்வதால், சிறு பேட்டரியுடன் வயலில் விட்டுவைக்க ஏற்றவை. மின்கடத்தாப் பாலிமரில் கரித்தூள் கலந்த வகையும் உண்டு: ஆவி மூலக்கூறுகள் உள்ளே புகுந்ததும் படலம் உப்பி, கரித்துகள்களுக்கு இடையிலான தொலைவு கூடி, மின்தடை உயர்கிறது. எந்த வகையானாலும், படலம் ஒரு சேர்மத்துக்கு மட்டும் அசைந்து கொடுப்பதில்லை; தன்னுள் கரையக்கூடிய எதற்கும் அசைந்து கொடுக்கிறது.

அவற்றுள் முதன்மையானது நீராவி. 25 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதமாக இருக்கும் காற்றில், பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 19,000 நீர் மூலக்கூறுகள் உள்ளன. செடியின் சேர்மமோ நூறு கோடிக்குப் பத்து என்ற அளவில் இருந்தால், நீராவி அதைப்போல் சுமார் இருபது லட்சம் மடங்கு ஆகிறது. நீர் பாய்ச்சியதும், காலையில் இலைத்துளைகள் திறந்ததும் ஈரப்பதம் மாறும். நீரை எளிதில் உறிஞ்சும் பெடாட்-பிஎஸ்எஸ் போன்ற பாலிமரில் அந்த மாற்றமே சேர்மம் தரும் சமிக்ஞையை விழுங்கிவிடக்கூடும். ஆகவே ஈரப்பத உணரி பக்கத்திலேயே இல்லாத, அதன் அளவைக் கணக்கில் கொள்ளாத கருவியின் எண்ணை நான் எண்ணாகவே மதிப்பதில்லை. டெனாக்ஸ் போன்ற நீர் வெறுக்கும் உறிஞ்சியில் ஆவியைச் சேர்த்து, பிறகு சூடாக்கி விடுவித்து உணரிக்கு அனுப்பினால் நீரின் தொல்லை பெருமளவு குறையும். நேரம் கூடுவதுதான் அதன் விலை.

பல பாலிமர்களை அடுக்கி, அவற்றின் பதில்களின் வடிவத்தைக் கணினிக்குப் பழக்குவது நல்ல வழிதான். ஆயினும் ஒரு பயிரில், ஒரு பருவத்தில் பழக்கிய கருவி இன்னொன்றில் அப்படியே பொருந்தும் என்று கருத இடமில்லை. மேலும் கவாத்து செய்த கத்தியும் பூச்சியின் வாயும் வெளிக்கொணரும் பச்சிலை ஆவிகள் பெரும்பாலும் ஒன்றே. எனவே தாக்கப்படாத செடி ஒன்றை அதே சூழலில் ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது அவசியம்.

படலம் முதுமையடைவதால், ஆவி இல்லாதபோது கருவி காட்டும் அடிநிலை அளவும் மெல்ல நகரும். வாங்குமுன் விற்பவரிடம் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: எந்த ஈரப்பத வரம்பில் சோதித்தார்கள், எத்தனை நாளுக்கொருமுறை கருவியை மீண்டும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும், அதே காற்று மாதிரி, சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அடையாளம் காணும் ஆய்வக முறையான கேஸ் குரோமடோகிராபி–மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வழியாகவும் சரிபார்க்கப்பட்டதா. மூன்றாவதற்கு விடை இல்லையென்றால், அந்தக் கருவியின் எச்சரிக்கையை நம்பி மருந்து தெளிக்காமல், செடியை நேரில் சோதிக்கச் சொல்லும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.