"ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிட்டேனே தம்பி!"

போன வாரம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் லாரன்ஸ் ரோட்டில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். போனை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். "தம்பி, இதுக்குள்ள யாரோ பூந்துட்டாங்க. மணி அடிக்குது, நான் எடுக்கறதுக்குள்ள வேற யாரோ ஹலோங்கறாங்க" என்றார்.

ப்ளூடூத் பட்டியலைத் திறந்தேன். ஒரு இயர்போன், ஒரு கார் ஸ்டீரியோ, பேரன் பெயரில் ஒரு லேப்டாப்.

"டீச்சர், இந்த லேப்டாப் இப்ப எங்க இருக்கு?"

"பேரன் பெங்களூரு போறப்ப மாடியில குடியிருக்கிற பையனுக்கு வித்துட்டுப் போயிட்டான். ஏன்?"

பாட்டியின் போனில் இருக்கும் படங்களை லேப்டாப்பில் பார்க்க, பேரன் 'ஃபோன் லிங்க்' என்ற விண்டோஸ் வசதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். விற்கும்போது அதை நீக்கவில்லை, லேப்டாப்பை ரீசெட்டும் செய்யவில்லை. கீழே டீச்சருக்கு அழைப்பு வந்தால் மாடியில் லேப்டாப் திரையில் ஒரு பெட்டி எழும்பும். அந்தப் பையன் அதை மூடுவதாக நினைத்து எதையோ அமுக்க, அழைப்பை எடுத்ததாகிவிடும். பாவம், அவன்மேல் தப்பில்லை. ஆனால் டீச்சரின் பென்ஷன் கணக்குக்கு வரும் ஓடிபி உட்பட எல்லாக் குறுஞ்செய்தியும் இரண்டு மாதமாக அந்தத் திரையில் வந்து விழுந்திருக்கிறது. இதே மாதிரி இந்த மாதம் எனக்கு இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

விளக்கிச் சொன்னதும் டீச்சர் கேட்டது: "நான்தான் ராத்திரி ராத்திரி ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிடறேனே தம்பி?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆஃப் செய்வது வேறு, பேரிங்கை, அதாவது இரண்டு கருவிகளும் ஜோடி சேர்ந்ததை, நீக்குவது வேறு. முதல்முறை போனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும்போது இரண்டும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிச் சேமித்துக்கொள்கின்றன. நீங்கள் ஆஃப் செய்வது கதவைச் சாத்துவது, அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் கையில் உங்கள் வீட்டுச் சாவி அப்படியே இருக்கிறது. காலையில் நீங்கள் ஆன் செய்த அடுத்த நொடி, அந்தச் சாவியை வைத்து அந்தக் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் உள்ளே வரும். ஒரு வருஷம் கழித்து ஆன் செய்தாலும் வரும். போனை அணைத்துப் போட்டாலும் சாவி போகாது. சிம்மை மாற்றினாலும் போகாது. ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயருக்கு 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுத்தால்தான் போகும். அது பூட்டையே மாற்றுவது மாதிரி. போனில் நீக்கிவிட்டால் எதிர்ப்பக்கம் இருக்கும் பழைய சாவி செல்லாது.

டீச்சர் விஷயத்தில் அதுவும் போதவில்லை. ஆண்ட்ராய்டில் ஃபோன் லிங்க் அழைப்புகளை மட்டும்தான் ப்ளூடூத் வழியாகக் கொண்டுபோகிறது. குறுஞ்செய்திகள் இன்டர்நெட் வழியாகவே போய்விடும். அவர் ப்ளூடூத்தை ஆஃப் செய்துவிட்டுத் தூங்கினாலும் மாடித் திரையில் மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். போனில் 'லிங்க் டு விண்டோஸ்' செயலிக்குள் போய், அந்தக் கம்ப்யூட்டரைத் தனியாக நீக்கினேன்.

இன்னொரு கூட்டம் இதற்கு நேரெதிர். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது யாராவது ப்ளூடூத் வழியாகப் பணத்தை எடுத்துவிடுவார்களா என்று வாட்ஸப்பில் வந்ததை நீட்டிக் கேட்பவர்கள். 2004-இல் 'காபிர்' என்று ஒரு புழு, அதாவது போனுக்குப் போன் தாவும் வைரஸ் மாதிரி ஒன்று, நோக்கியா போன்களில் ப்ளூடூத் வழியாகப் பரவியது. அதுகூட, போன்காரர் 'சரி' என்று அமுக்கினால்தான் உள்ளே போனது. அமுக்காமலே நுழையக்கூடிய ஓட்டை 2017-இல் 'ப்ளூபோர்ன்' என்ற பெயரில் வெளிவந்தது. அதற்கு மருந்து அப்டேட்தான். "அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆயிடும்" என்று மூன்று வருஷமாகத் தள்ளிப் போடுகிறவர்களிடம் நான் வேறென்ன சொல்ல?

சரி, இணைக்கவே கூடாதா என்றால், தாராளமாக இணையுங்கள். இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் வரும். இரண்டும் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள், அலங்காரத்துக்கு அதை வைக்கவில்லை. அதே பெட்டியில் 'கான்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி பார்க்க அனுமதி' என்று ஒரு கட்டம் இருக்கும். ஃபைல் அனுப்ப அது தேவையே இல்லை, டிக் போடாதீர்கள். நீங்கள் எதையும் இணைக்காதபோது பேரிங் கேட்டுப் பெட்டி வந்தால் 'கேன்சல்'.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரோடு போனை ப்ளூடூத்தில் இணைத்து ஆதார் பிரின்ட் எடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள். வேறு வழியில்லை என்றால், பிரின்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஃபர்கெட் கொடுங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் விழுந்த ஃபைலையும் அழிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாடகைக் கார் ஸ்டீரியோவும் அப்படித்தான். எங்கள் கடைக்கு வந்த ஒரு ஸ்டீரியோவில் முன்பின் தெரியாத பதினொரு பேரின் போன்புக் உட்கார்ந்திருந்தது.

அப்புறம், "கனெக்ட் ஆகுது, ஃபைல் போகல" என்று வருகிறவர்களுக்கு: விண்டோஸில் முதலில் 'ரிசீவ் எ ஃபைல்' திறந்து வைக்க வேண்டும், அதன் பிறகுதான் போனில் அனுப்ப வேண்டும். ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு ப்ளூடூத்தில் போட்டோ போகவே போகாது, மல்லுக்கட்டாதீர்கள். ஒரு ஜிபி கல்யாண வீடியோவை இதில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கேபிள் போடுங்கள். கம்ப்யூட்டரில் செருகும் ப்ளூடூத் டாங்கிளின் இணைப்பு அடிக்கடி அறுந்தால் பக்கத்துத் துளையில் செருகியிருக்கும் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும். இதற்கெல்லாம் நான் காசு வாங்குவதில்லை.

பழைய லேப்டாப்பை விற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல்களை மட்டும் அழித்தால் ஆகாது.

டீச்சர் கிளம்பும்போது பட்டியலில் மிச்சமிருந்த கார் ஸ்டீரியோவைக் காட்டி, "இது யாரோடது?" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "போன வருஷம் திருப்பதி போனோமே, அந்த வண்டி" என்றார். அதை மட்டும் அவரே நீக்கினார்.