லெதர் ஜாக்கெட்டுக்கு கண்டிஷனர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

தோல் ஜாக்கெட்டுகளைப் பழுது பார்ப்பதும் நிறம் ஏற்றுவதும்தான் என் தொழில். அதற்கு முன்பு ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் பினிஷிங் பிரிவில் இருந்தேன், அதாவது பதனிட்ட தோலுக்கு நிறமும் மேல்பூச்சும் கொடுக்கும் இடம். இரண்டு வேலையையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் வரும் ஜாக்கெட்டுகளில் எண்ணெய் போதாமல் கெட்டவற்றைவிட எண்ணெய் அதிகமாகிக் கெட்டவைதான் அதிகம். ஆசைப்பட்டு வாங்கி, லீவு நாளில் பொறுமையாக உட்கார்ந்து, தேய்த்துத் தேய்த்துக் கெடுத்திருப்பார்கள். அக்கறை இல்லாதவர் கெடுத்தால்கூடப் பரவாயில்லை, அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் பொருள் இப்படி ஆவது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

"எந்த கண்டிஷனர் நல்லது சார்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஜாக்கெட்டைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கும் வலை. பதனிட்டுவிட்டு அப்படியே காயப் போட்டால் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி விறைத்துப்போகும். அதனால்தான் டேனரியில் டிரம்முக்குள் வெந்நீரோடு ஃபேட் லிக்கர் விட்டுச் சுற்றுவோம். நீரில் கலக்கும்படி மாற்றிய எண்ணெய் அது. இழைகளுக்கு நடுவே போய்ப் படிந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போக இடம் கொடுக்கும். ஜாக்கெட்டின் மென்மை பெரும்பாலும் அந்த டிரம்மிலேயே முடிவாகிவிடுகிறது. வருடங்கள் போகப் போக அந்த எண்ணெயில் கொஞ்சம் வெளியேறும், கொஞ்சம் காற்றுப் பட்டுக் கெடும், வெயிலும் வியர்வையும் தோலை வறள வைக்கும். இந்தக் குறையை ஓரளவு ஈடு கட்டுவதுதான் கண்டிஷனரின் வேலை. வெடித்த தோலை அது ஒட்டவைக்காது, போன நிறத்தைத் திருப்பித் தராது.

சரி, உங்கள் ஜாக்கெட் எந்த ரகம்? காலருக்கு அடியிலோ உள்மடிப்பிலோ, யார் கண்ணிலும் படாத இடத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த இடம் கருத்து, தண்ணீர் உள்ளே இறங்கினால் அது அனிலின் ரகம்: சாயம் மட்டும் ஏற்றி, மேல்பூச்சு இல்லாமலோ மிக மெல்லிசாகவோ விட்ட தோல். முத்து மாதிரி நின்று, துடைத்தால் சுவடே இல்லாமல் போனால் அது பிக்மென்ட் பூச்சுத் தோல், மேலே அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் படலம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெதுவாக இறங்கினால் செமி அனிலின். கடையில் விற்பவருக்கே பல நேரம் இது தெரியாது, லேபிளில் "ஜெனுயின் லெதர்" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. அந்த ஒரு சொட்டு சொல்வதை நம்பலாம்.

பூச்சுத் தோலுக்கு கெட்டியான கிரீஸ் மாதிரி இருக்கும் எதுவும் வேண்டாம். அது படலத்தைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு, மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தண்ணீர் அடிப்படையிலான மெல்லிய லோஷனைக் கொஞ்சமாகப் பூசினால் போதும். அனிலின் தோல் நேர் எதிர். பூசியதையெல்லாம் குடிக்கும், குடித்ததையெல்லாம் வெளியே காட்டும், அதனால்தான் அதில் கறையும் கருப்பும் இவ்வளவு சீக்கிரம் வருகின்றன. ஃபேஷன் ஜாக்கெட்டுக்குப் போடும் செம்மறி நாப்பா, அதாவது மெல்லிய வழவழப்பான ஆட்டுத்தோல், பல நேரம் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர்தான் இருக்கும். பைக் ஓட்டுபவர்களின் மாட்டுத்தோல் ஜாக்கெட் 1.2, 1.4 வரை போகும். பைக் ஜாக்கெட்டுக்காகப் பரிந்துரைத்த எண்ணெயை நாப்பாவில் அதே அளவு போட்டால் தோல் தொய்ந்து, தோள்பட்டை இறங்கி, தைத்த வடிவமே போய்விடும்.

ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை என்று தாவரச் சாறில் பதனிட்ட தோல் இன்னொரு வகை. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் இதற்குப் பெயர் போனவை. ஜாக்கெட்டில் இது அரிது, பெரும்பாலும் ஜாக்கெட் தோல் குரோம் உப்பில் பதனிட்டதுதான். ஆனால் பெல்ட்டுக்கும் கைப்பைக்கும் அதிகம் வருவதால், பெல்ட்டில் போட்டு "அருமையாகக் கருத்துப் பளபளக்கிறது" என்று யாரோ சொன்ன எண்ணெயை ஜாக்கெட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள்.

இரண்டு ரகத்துக்கு கண்டிஷனரே கிடையாது. ஒன்று சூயிட், நூபக் மாதிரி பஞ்சுத் தோல்கள். அவற்றில் கிரீம் போட்டால் பஞ்சு படிந்து திட்டுத் திட்டாகிவிடும், பிரஷ்ஷும் அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயும்தான் வழி. இன்னொன்று ரெக்சின். பி.யு. (பாலியூரிதேன்) என்று எழுதியிருந்தாலும் "வீகன் லெதர்" என்று அழகாக எழுதியிருந்தாலும் துணிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம்தான். நம் ஊர் ஈரக்காற்றில் பாலியூரிதேன் தண்ணீரோடு வினைபுரிந்து சிதைந்து, சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். பீரோவில் தொங்கவிட்டாலும் உரியும். "கண்டிஷனர் போடாமல் விட்டதால் இப்படி ஆயிடுச்சா சார்?" என்று குற்ற உணர்வோடு கேட்பவர்களிடம் நான் சொல்வது, இல்லை, நீங்கள் எதைப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், இனி இதற்குச் செலவு செய்யாதீர்கள் என்பதுதான்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி கருப்பு பைக் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டு வந்தார். முதுகு முழுக்க, தையல் ஓரங்களில் இன்னும் கூடுதலாக, வெள்ளையாகப் பூத்திருந்தது. "பூசணம் பிடிச்சிருக்கு சார், எவ்வளவு துடைச்சாலும் திரும்ப வருது" என்றார். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டினேன். வெள்ளை அப்படியே உருகி மறைந்தது, அந்த இடம் பளபளவென்று ஈரமானது மாதிரி ஆனது. பூசணம் சூட்டில் உருகாது. அது கொழுப்பு. தேய்த்தது என்ன என்று கேட்டேன். "அம்மா கொடுத்த செக்கு எண்ணெய்தான் சார், கெமிக்கல் எதுவும் இல்லை."

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். சென்னை வெயிலில் திரவமாக உள்ளே இறங்கும், ஏ.சி. அறையிலோ கொடைக்கானல் குளிரிலோ உறைந்து மேலே பூக்கும். மீதி எண்ணெய் உள்ளேயே கிடந்து தோலைக் கனமாக்கி, லைனிங் வரை கசியும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் அவ்வளவு எளிதில் உறையாது, ஆனால் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கடினமாகும் ஜாதி, பெயின்டில் சேர்ப்பதே அதற்காகத்தான், அதைத் தோலில் தொடவே வேண்டாம். டிரம்மில் போகும் எண்ணெயும் எண்ணெய்தானே என்று கேட்கலாம். அதை இழையோடு பிணையும்படி வேதியியல் முறையில் மாற்றித்தான் உள்ளே விடுகிறோம், அடுப்படி எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு கிடையாது.

வாங்கும் பாட்டிலில் என்ன பார்க்க வேண்டும்? லனோலின் நல்லது, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு, தோலோடு ஒத்துப்போகும். தேன்மெழுகு, கார்னோபா மெழுகு கொஞ்சம் இருந்தால் லேசான தண்ணீர்த் தடுப்பு கிடைக்கும், அதிகமானால் மடிப்புகளில் வெள்ளைக் கோடு விழும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயும், மிங்க் என்ற விலங்கின் கொழுப்பிலிருந்து எடுக்கும் மிங்க் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் நிறத்தைக் கருப்பாக்கும், தோலைத் தளர்த்தும். கருப்பு பூட்ஸுக்குப் போடலாம், டேன் (வெளிர் பழுப்பு) நிற நாப்பாவுக்குக் கூடாது. நீட்ஸ்ஃபுட் "காம்பவுண்ட்" என்றிருந்தால் அதில் பெரும்பாலும் மினரல் ஆயிலும் கலந்திருக்கும் என்று புரிந்துகொள்ளுங்கள். நிறம் மாறக் கூடாது என்பவர்களுக்கு பிக் 4, லெக்ஸால் மாதிரி வெள்ளை லோஷன் ரகங்களைச் சொல்வேன், அதுவும் மறைவான இடத்தில் பூசி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகு.

சிலிக்கோன் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. துடைத்தவுடன் கண்ணாடி மாதிரி மின்னவைக்கும் ஸ்ப்ரேக்களில், கார் டேஷ்போர்டு பாலிஷ்களில் இருப்பது அதுதான். இன்றைக்கு அழகாக இருக்கும். மூன்று நான்கு வருடம் கழித்து முழங்கையில் நிறம் போய், என்னிடமோ வேறு யாரிடமோ கொண்டு வருவீர்கள், அப்போது புது நிறம் அதில் பிடிக்காது. பூசப் பூச வட்ட வட்டமாக விலகி ஓடும். அந்தப் படலத்தை எடுக்க சால்வென்ட் போட்டுத் துடைக்க வேண்டும், அதில் இருக்கிற நிறமும் சேர்ந்து வரும்.

சுத்தம் செய்ய சோப்பு எடுப்பவர்களும் இதைப் படியுங்கள். குரோம் தோல் அமிலத் தன்மை உடையது, பி.எச். 4 ஒட்டித்தான் இருக்கும். குளியல் சோப்பும் துணி சோப்பும் 9, 10. குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் சாடில் சோப்பும் பொதுவாகக் காரம்தான். திரும்பத் திரும்பப் போட்டால் தோல் விறைக்கும், உடனே வறண்டுவிட்டது என்று நினைத்து மேலும் எண்ணெய் போடுவார்கள், அப்புறம் அது ஒரு தொடர்கதை. தோலுக்கென்று விற்கும் மிதமான கிளீனரே போதும்.

நம்மவர்கள் ஜாக்கெட்டில் முதலில் போவது காலரின் பின்பக்கம். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் கழுத்து வியர்வையும் சேர்ந்து பூச்சை ஊறவைத்து இளக்கிவிடும், நகம் பட்டாலே வழண்டு வரும். அங்கே பிசுபிசுப்பாக, கருப்பாக இருக்கிறது என்றால் அது எண்ணெய் கேட்கவில்லை, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது. அங்கே கண்டிஷனர் பூசாதீர்கள். கிளீனரால் எண்ணெயை எடுங்கள், முடியாவிட்டால் டிகிரீஸ் செய்பவரிடம், அதாவது ஊறிய எண்ணெயை நீக்கித் தருபவரிடம், கொடுங்கள். பைக்கில் போகும்போது கழுத்தில் ஒரு கைக்குட்டையோ பஃப் என்ற கழுத்துத் துணியோ போட்டுக்கொள்வது எந்த பாட்டிலையும்விட அதிகம் காப்பாற்றும்.

பூசும் முறை பெரிய வித்தை இல்லை. தூசியைத் துடைத்து, நிழலில் உலர விட்டு, பழைய பனியன் துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து, துணியில் பரப்பிய பிறகே தோலில் தடவுங்கள். நேரடியாக ஜாக்கெட்டில் ஊற்றினால் அந்த இடம் கருத்துவிடும். மடங்கும் இடங்கள், அதாவது முழங்கை, அக்குள் பக்கம், ஜிப் ஓரம், இவற்றுக்குக் கூடுதலாக ஒரு கை. ஒரு நாள் விட்டு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள், துணியில் நிறைய வந்தால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். எப்போதாவது போடுபவருக்கு வருடத்துக்கு ஒரு முறை தாராளம். தினமும் வெயிலில் ஓட்டுபவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கனடா, லண்டன் பக்கம் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போட்ட வீட்டில் இருப்பவர்களுக்குக் காற்று மிகவும் வறண்டிருக்கும், குளிர் தொடங்கும் முன் ஒரு கை பூசலாம்.

சென்னையில் பிரச்சினை வறட்சி இல்லை, ஈரம். ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும், பூசணத்துக்கு அது போதும், தோலில் தங்கிய எண்ணெய் அதற்குச் சாப்பாடு. அதனால் மழைக்கு முந்தைய வாரம் தாராளமாக கண்டிஷனர் பூசி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அகலமான ஹேங்கரில், பருத்தித் துணி உறையில், சுவரில் உரசாமல் தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை பீரோவைத் திறந்து வைத்து ஃபேன் போடுங்கள். ஏற்கெனவே பூசணம் பூத்திருந்தால் முகக்கவசம் போட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிட்டு, ஜாக்கெட்டை நிழலில் காற்றாட விடுங்கள். அது முழுக்க உலர்ந்து, வாடை போய், இரண்டு வாரம் திரும்ப வராமல் இருந்தால் மட்டும் கண்டிஷனரைத் திறக்கலாம்.