ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில்

"கிரிக்கெட்டில் 1992-லேயே தேர்ட் அம்பயர் வந்துவிட்டார். அமெரிக்கர்களின் பேஸ்பாலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு தாமதம்? வந்த பிறகும் ஏன் சண்டை ஓயவில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தாமதத்துக்குக் காரணம் பிடிவாதம்தான். அம்பயர் சொன்னால் சொன்னதுதான், தவறும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே பலர் வாதாடினார்கள். 2008-ல் ஹோம் ரன்களுக்கு (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) மட்டும் ரீப்ளேவை அனுமதித்தார்கள். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். இன்னும் ஒருவர் போனால் 'பெர்ஃபெக்ட் கேம்', அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாத ஆட்டம். அதுவரை நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு மேலான வரலாற்றில் அதைச் சாதித்தவர்கள் 20 பேர்தான். 27-வது ஆட்டக்காரர் பந்தை அடித்துவிட்டு, ஓடிச் சேர வேண்டிய முதல் தளமான முதல் பேஸை மிதிக்கும் முன்பே, அங்கே நின்ற கலராகாவின் கையுறைக்குள் பந்து போய்விட்டது; பந்து முந்தினால் ஓடுபவர் அவுட். ஆனால் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' (அவுட் இல்லை) என்று கைகளை விரித்தார். ஆட்டம் முடிந்து ரீப்ளே பார்த்த ஜாய்ஸ் கண்கலங்கித் தன் தவறை ஒப்புக்கொண்டார். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. 2014-ல் இத்தகைய தீர்ப்புகளையும் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி வந்தது. நியூயார்க்கில் ஒரு மையத்தில் உட்கார்ந்து அம்பயர்கள் வீடியோவைப் பார்க்கிறார்கள்.

அப்படியும் சண்டை ஓயாததற்குக் காரணம், கேமரா காலத்தை முழுதாகப் பிடிப்பதில்லை. வழக்கமான ஒளிபரப்பில் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படங்கள். எறிந்த பந்து மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வந்தால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் 60 செ.மீ. நகர்ந்துவிடும். ஓடுபவரும் 13 செ.மீ. போல முன்னேறியிருப்பார். ஒரு ஃபிரேமில் பந்து கையுறைக்கு வெளியே, கால் பேஸைத் தொடாமல் அந்தரத்தில். அடுத்த ஃபிரேமில் பந்து உள்ளே, கால் பேஸை மிதித்தபடி. எது முந்தியது? அந்த வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கணம் பதிவாகவே இல்லை. நொடிக்கு 300 ஃபிரேம் எடுத்தாலும் பந்து 12 செ.மீ. தாவும். போதாததற்கு, பந்து கையுறையின் தோலைத் தொடும் இடத்தை அந்தக் கையுறையே மறைத்துக்கொள்கிறது.

இப்போது களத்தில் நிற்கும் அம்பயரிடம் வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதல் பேஸில் அவர் பந்தைப் பார்ப்பதில்லை! பந்தையும் காலையும் ஒரே நேரத்தில் கூர்ந்து பார்க்கக் கண்ணால் முடியாது. பார்வையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திருப்பும் அந்தச் சிறு பொழுதில் மூளை காட்சியை ஏறக்குறைய அணைத்தே வைக்கிறது. அதனால் கண்ணைப் பேஸின் மேல் நிறுத்தி, கையுறையில் பந்து விழும் 'டப்' ஓசைக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொள்கிறார். காலை முதலில் பார்த்தால் சேஃப், ஓசையை முதலில் கேட்டால் அவுட்.

ஆனால் ஒலி மெதுவானது. ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரை எட்ட அதற்கு சுமார் 15 மில்லிநொடி ஆகும். அப்படியானால் பந்து எப்போதும் தாமதமாக வந்ததாகத்தானே தோன்ற வேண்டும்? அங்கேதான் உடல் ஒரு வேடிக்கை செய்கிறது. விழித்திரையில் விழுந்த ஒளி, வேதிவினைகளின் நீண்ட சங்கிலியைக் கடந்துதான் நரம்புத் துடிப்பாகிறது. காதிலோ நுண்மயிர்கள் அசைந்தவுடனே மின்துடிப்பு பிறந்துவிடுகிறது. ஒலிக்கு நாம் எதிர்வினை காட்டுவது ஒளிக்குக் காட்டுவதைவிட ஏறக்குறைய 40 மில்லிநொடி வேகம். வெளியே காற்றில் ஒளி ஜெயிக்கிறது. தலைக்குள் ஒலி ஜெயிக்கிறது. பத்துப் பதினைந்து மீட்டர் தொலைவில் இரண்டும் ஏறத்தாழச் சமனாகின்றன. மூளை இந்த வித்தியாசங்களை அனுபவத்தால் சரிக்கட்டிக்கொள்ளவும் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் அதே தூரத்தில் நின்று பழகிய அம்பயரின் காதும் கண்ணும் அப்படித்தான் ஒத்துப்போகின்றன. நாற்பதாயிரம் பேர் கத்தும்போது அந்த 'டப்' கேட்காமல் போவதுதான் அவருக்குப் பெரிய சோதனை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே 20 மில்லிநொடியாவது இடைவெளி இல்லாவிட்டால், எது முதலில் என்று மனிதரால் நம்பகமாகச் சொல்ல முடிவதில்லை. சாதாரண டிவியின் ஒரு ஃபிரேம் 17 மில்லிநொடி. ஆக, மிக நெருக்கமான கணத்தில் மனிதரும் அந்த வீடியோவும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஓடியவர் கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தான் தொட்டது, வெளியில் நடந்ததைவிடச் சுமார் 50 மில்லிநொடி முன்பே நடந்ததாக ஒருவருக்குத் தோன்றும் என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்தது. புலன்களைப் பற்றிய இத்தகைய எளிய ஆய்வுகளுக்குக் கேமராக்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியாவது போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேமரா பொய் சொல்லாது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் மூடநம்பிக்கைதான்.

கலராகாவுக்கு நடந்ததுபோன்ற தெளிவான தவறைத் திருத்த ரீப்ளே கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பேஸ்பால் விதியும் தெளிவான ஆதாரம் இருந்தால் மட்டுமே களத் தீர்ப்பை மாற்றச் சொல்கிறது. வீடியோ அம்பயரை ஆதரித்தால் தீர்ப்பு 'உறுதியானது'; எதையும் காட்டாவிட்டால் தீர்ப்பு 'நிற்கிறது'. 'நிற்கிறது' என்று அறிவிக்கும்போதுதான் ரசிகர்கள் அதிகம் கூச்சலிடுகிறார்கள். அந்த வீடியோவிலிருந்து அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது என்பதால், அந்த அறிவிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.