ஸ்பானிஷ்ல தெரிஞ்ச முகம் மாதிரி வர்ற வார்த்தைங்க

நான் டெக்சாஸ்ல ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரா போறவன், பேஷண்ட் சொல்றத டாக்டருக்கும் டாக்டர் சொல்றத பேஷண்ட்டுக்கும் மாத்திச் சொல்றதுதான் வேலை. இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்த நர்ஸுங்களுக்கு அப்பப்ப கிளாஸும் எடுப்பேன். அவங்க சுத்தமா தெரியாத வார்த்தையில மாட்டுறதே இல்ல, தெரியலன்னா நம்மள கூப்பிட்டு கேட்டுடுவாங்க. இங்கிலீஷ் மாதிரியே காதுல விழுற வார்த்தைதான் ஆளைக் கவுக்கும்.

பெரிய உதாரணம் 1980ல ஃபுளோரிடால நடந்தது. 18 வயசு பையன், கியூபா குடும்பம், கோமால கொண்டு வந்தாங்க. வீட்டுக்காரங்க 'இன்டோக்சிகாதோ'ன்னு சொன்னாங்க, அதாவது சாப்பாடு ஏதோ ஒத்துக்கல, விஷமாயிடுச்சுன்னு. டாக்டருங்க அத இங்கிலீஷ் 'இன்டாக்ஸிகேட்டட்'னு எடுத்துக்கிட்டு போதை மருந்து ஓவர்டோஸ்னு வைத்தியம் பாத்தாங்க, உண்மையில அவனுக்கு மூளைக்குள்ள ரத்தக் கசிவு. கை கால் நாலும் செயலிழந்து போச்சு, நஷ்டஈடு சுமார் 71 மில்லியன் டாலர்னு பேசி முடிச்சாங்க. 'இன்டோக்சிகாசியோன்'னு கேட்டா இன்னைக்கும் நான் உடனே அடுத்த கேள்வி கேப்பேன், என்ன சாப்பிட்டாரு, எப்போன்னு.

'எம்பராஸோ' கர்ப்பம், இங்கிலீஷ் 'எம்பராஸ்' மாதிரி கேட்டாலும் வெக்கம் இல்ல. வெக்கத்துக்கு மெக்சிகோக்காரங்க சொல்றது 'பெனா'. பரிசோதனைக்கு துணிய விலக்கச் சொன்னா ஒரு அம்மா மெதுவா 'பெனா'ன்னு சொல்லுவாங்க, நர்ஸ் 'பெயின்'னு நெனச்சு எங்க வலிக்குதுன்னு கேட்டுக்கிட்டு நிப்பாங்க, பாவம் ரெண்டு பேருமே. இதே வார்த்தைக்கு ஸ்பெயின்ல துக்கம், வருத்தம்னுதான் அர்த்தம்.

அதனால எந்த நாட்டு ஆளுன்னு தெரியாம அர்த்தம் சொல்லவே முடியாது. 'கொன்ஸ்திபாதோ'ன்னா ஸ்பெயின்காரருக்கு சளி பிடிச்சிருக்கு, லத்தீன் அமெரிக்கா ஆளு சொன்னா மலச்சிக்கலா இருக்கலாம், மருந்து எங்க போய் நிக்கும் பாருங்க! 'துரோகெரியா' கொலம்பியால மருந்துக்கடை, ஸ்பெயின்ல அங்க போனா சோப்பும் பெயிண்ட்டும்தான் கிடைக்கும். 'பிரெசெர்வதீவோ' ஆணுறை, இங்கிலீஷ் 'பிரிசர்வேட்டிவ்'னு (கெடாம இருக்க சேக்குறது) நெனச்சு சாப்பாட்டுல அது இருக்கான்னு ஹோட்டல்ல கேட்டுடாதீங்க.

வார்த்தைக்கு முன்னாடி இங்கிலீஷ் 'தி' மாதிரி ஒட்டுற எல், லா கூட சும்மா இல்ல. 'எல் கோலெரா' காலரா, 'லா கோலெரா' கோபம். 'எல் பாப்பா' போப்பாண்டவர், 'லா பாப்பா' உருளைக்கிழங்கு :)

நமக்கு இதுல ஒரு சின்ன லாபம் இருக்கு, 'மேசா'ன்னா மேசைதான், 'அர்மாரியோ'ன்னா அலமாரி, நமக்கு அது போர்ச்சுகீஸ் வழியா வந்தது, ஸ்பானிஷும் போர்ச்சுகீஸும் ஒரே குடும்பத்து மொழி. ஆனா அந்த தைரியத்துல மத்ததையும் ஊகிச்சா நாமளும் மாட்டுவோம்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. மருந்து பாட்டில்ல இங்கிலீஷ்ல தினம் ஒரு தடவைன்னு போட்டிருக்கும், அந்த 'ஒன்ஸ்'ஸ எழுத்துக்கூட்டி ஸ்பானிஷ்ல படிச்சா 'ஓன்செ', அதுக்கு பதினொண்ணு. பிரஷர் மாத்திரைல இப்படி ஆச்சுன்னா? நான் லேபிள்ல 'ஊனா பேஸ் அல் தீயா', அதாவது தினம் ஒரு தடவைன்னு ஸ்பானிஷ்லயே எழுத வெச்சுடுவேன், அப்புறம் பேஷண்ட் வாயாலயே சொல்லச் சொல்லுவேன், ஒரு நாளைக்கு எத்தன மாத்திரைன்னு. அவங்க விரல் ஒண்ணைக் காட்டுற வரைக்கும் நான் எந்திரிக்கிறதில்ல.